பூக்கட்டிக் கேட்ட வெள்ளிக்கிழமை

என் மகனுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து அடைத்துப் போனது என்று அவன் தன் பெண்டாட்டி முதற்கொண்டு எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறான். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான். அது பொய். பதினேழு வயது வரைக்கும், தெருக்கோடியில் கழுத்துமணி கேட்டால் இன்னார் வீட்டு மாடு என்று சொல்லுகிற காது அது. அடித்துக் கெடுத்தவன் நான். அம்மன் சந்நிதியில் நின்று அடித்தேன். தினம் விபூதி பூசுகிறவன் இந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்று தோன்றியதால் எழுதுகிறேன். நாலாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் ஒலக்கூரிலிருந்து கிழக்கே போகிற வண்டிப்பாதையில் இருக்கிறது. எனக்கும் என் அண்ணனுக்கும் பாகம் பிரிக்காத மானாவாரி நிலம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுவோம், கேப்பை போடுவோம். அண்ணனுக்கு மூன்றும் பெண். எனக்கு ஒரே பிள்ளை. ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆண்பிள்ளை.

அண்ணனுக்கு வாயைவிடக் கை முந்திக்கொள்ளும். மாடு படுத்தாலும் அடி, எழுந்தாலும் அடி. அண்ணியின் கையில் சூட்டுத் தழும்பு இருந்தது. முப்பத்தெட்டு வயதில், ஒரு பிள்ளைக்குத் தகப்பனான என்னை, அந்தப் பிள்ளை பார்க்க மண்வெட்டிப் பிடியால் முதுகில் போட்டிருக்கிறார். வாங்கிக்கொண்டேன். மூத்தவர் கை ஓங்கினால் இளையவன் குனிவது எங்கள் வீட்டில் சோறு தின்பது போல.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திண்டிவனத்தில் என் மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். எங்கள் தெருவில் அவன்தான் முதல். ஹெட்மாஸ்டர் என்னை வரச்சொல்லி, "பையனை பட்டணத்துல காலேஜ்ல சேத்துடுங்க. பீஸ் சலுகைக்கு நான் எழுதித் தர்றேன்" என்றார். அங்கிருந்து நேரே எங்கள் கொல்லை நிலத்துக்குப் போனேன். அண்ணன் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"காலேஜா? படிச்சிட்டு என்னாடா கிழிக்கப் போறான்?" என்று கேட்டுக்கொண்டே வலத்து மாட்டைச் சாட்டையால் இழுத்தார். அது ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. "விழுப்புரம் மண்டியில ஒருத்தன் பி.ஏ. படிச்சிட்டு மூட்டை எண்ணிக்கினு கெடக்கறான். போய் அவனப் பாத்துட்டு வா. அப்பறம் வாயத் தொற." ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு அடி. மாட்டின் தொடையில் தோல் உரிந்து ஈ மொய்த்தது. எனக்கு விழவேண்டியதை அது வாங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. மாட்டுக்கும் தெரிந்திருக்கும்.

போய்ப் பார்த்தேன். மல்லாட்டை மண்டியில், ஒரு மர மேஜைக்குப் பின்னால் அந்த பி.ஏ. உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், கோட்டு போட்டிருந்தார். துறைமுகத்துக்காரர்களுக்கு இங்கிலீஷில் கடிதாசி எழுதுவது அவர் வேலை. நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, மண்டி முதலாளி உள்ளேயிருந்து வந்தார். கையெழுத்து போடத் தெரியாத மனுஷன். ஏதோ தந்தி போக நேரமாகிவிட்டதாம்.

"ஜல்தியா அனுப்புடான்னு காலையிலயே சொன்னேனா இல்லியா? நாயே!"

மைக்கூட்டை எடுத்து வீசினார். அது நெற்றியில் பட்டு உடைந்தது. மையும் ரத்தமும் சேர்ந்து மூக்கு வழியாகக் கோட்டில் இறங்கின. முதலாளி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "படிச்சவரு ரத்தம் நீலமா வருது பாருடா" என்றான் ஒருவன். அவர் மேஜைமேல் தெறித்த மையை முதலில் துடைத்தார். பிறகுதான் நெற்றியைத் துடைத்தார்.

ஆனாலும் இத்தனை தூரம் வந்தாயிற்றே என்று கேட்டேன். "பையன அனுப்பலாங்களா?"

என்னை உற்றுப் பார்த்தார். "அனுப்புங்க" என்றார். "ஆனா அப்பறம் வந்து என்னாண்ட கேக்காதீங்க."

ரயிலில் திரும்பி வரும்போது மனசு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. அடி வாங்கத்தான் போகிறான் என்றால் இங்கேயே பெரியப்பா கையில் வாங்கலாமே, அதற்குப் பட்டணம் எதற்கு? ஆனால் அந்த ஆள் ஏன் அனுப்புங்க என்றார்? எனக்கு எதைத் தீர்மானிக்கத் தெரியாவிட்டாலும் ஒரே வழிதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும், "ஆத்தாகிட்ட பூக்கட்டிக் கேட்டுடலாம்" என்றேன்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து, வெளியே தெரியாமல் நாரால் கட்டி அம்மன் முன்னால் போடுவோம். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் குளத்தில் விட்டுவிட வேண்டும். அதைப் பிரிப்பது அம்மனைச் சந்தேகப்படுவது. எங்கள் வீட்டில் எப்போதும் மூத்தவர்தான் குளித்து ஈரத்துணியோடு கட்டுவார்.

அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். என் மகன்தான் முறைத்தான். "ஆறு வருசம் திண்டிவனத்துக்கு நடந்தே போய்ப் படிச்சேன். நான் போலாமா வேணாமான்னு அரளிப்பூ சொல்லணுமா நைனா?"

"பூ சொல்லலடா, ஆத்தா சொல்றா. நாக்கு அழுவிப்பூடும்" என்று அதட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். அண்ணன் பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். பூசாரி அதை வாங்கி அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். அண்ணனின் கடைசிப் பெண், நாலு வயது, மூக்கு ஒழுக நின்றிருந்தவள், கிட்டத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

"ஆத்தா சொல்லிட்டா. முடிஞ்சிபோச்சி" என்றார் அண்ணன்.

நான் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டேன். அழுகை வந்தது. எழுந்து பார்த்தால் என் மகன் குனிந்து மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டிருந்தான். நாரைப் பல்லால் கடித்தான்.

எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அம்மன் முகத்தில் அவன் காறித் துப்புவதைப் போல இருந்தது. மூட்டை தூக்கிக் காய்த்த கை என்னுடையது. முழு பலத்தோடு அவன் காதோடு சேர்த்து அறைந்தேன். அவன் நாரை விடவில்லை. மறுபடியும் அதே இடத்தில் அறைந்தேன். சுவரில் மோதினான். மூன்றாவது தடவை அறைந்தபோது கழுத்தில் ரத்தம் இறங்கிவிட்டது. என் கையிலும் பட்டது. அடி வாங்கிக்கொண்டே அவன் இலையைப் பிரித்தான். பூ கீழே விழுந்தது.

குழந்தைதான் அதை எடுத்துப் பார்த்து, "இதுவும் வெள்ளப்பூ" என்றது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திருப்பவில்லை. "ஆமாண்டா, நான்தான் கட்டனேன்" என்றார். "எனக்கு மூணும் பொட்டச்சிங்க. இவனும் பூட்டான்னா ஏரு எவன்டா புடிப்பான்? அங்க போனவன் எவன்டா திரும்பி வந்தான்?"

வாசலில் நட்டிருந்த சூலத்தைப் பிடுங்கினேன். அதில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் உருண்டு போனது. பிறந்ததிலிருந்து அண்ணன் முன்னால் குனிந்தவன், அன்றைக்குத்தான் அவரை நேராகப் பார்த்து ஓங்கினேன். தோளில் கிழித்தது. அவர் சூலத்தைப் பற்றி இழுத்து, தலையால் என் வாயில் முட்டினார். இரண்டு பல் உதிர்ந்தது. அவர் விரலைக் கடித்தேன், எலும்பு தட்டுகிற வரைக்கும். புழுதியில் இரண்டு பேரும் புரண்டோம். பூசாரி கத்தினார். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. ஊரே அண்ணனுக்குப் பயப்படும்.

என் பெண்டாட்டிதான் வந்தாள். ஒரு குடம் தண்ணீரை எங்கள்மேல் கொட்டினாள். "அடிச்சிக்கினு சாவுங்க ரெண்டு பேரும்! எம்புள்ள காதுல ரத்தம் ஊத்திக்கினு கெடக்கு. எவனாவது பாத்தீங்களா?"

பூசாரி என் பக்கத்தில் குந்தினார். "ஆத்தா மேல தப்பு இல்ல. குளிச்சிட்டு வாங்க. நானே ஒழுங்கா கட்டறேன், இன்னொரு வாட்டி கேட்டுடலாம்" என்றார்.

வாயில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "வேணாங்க" என்றேன். "அவன் போவட்டும்."

சாமியைக் கேட்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை அது. மறுபடி கேட்டு, நிஜமாகவே வெள்ளை வந்தால் என்ன செய்வது என்கிற பயம்தான் காரணம். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் சில சமயம் தோன்றும், அண்ணன் செய்த மோசடிக்குள்ளேயே அம்மனின் உத்தரவும் இருந்ததோ, அதை மீறியதற்குத்தான் காதை எடுத்துக்கொண்டாளோ என்று. வெள்ளிக்கிழமை தவறாமல் போய் அவள் முன்னால் நிற்கிறேன். பதில் கேட்பதில்லை.

நிலத்தை அந்த மாதமே பிரித்தோம். அண்ணன் சாகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவர் ஏருக்குப் பின்னால் பெரிய பெண் நடந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னதும் நியாயம்தானே என்று தோன்றும். மகன் படித்தான், உத்தியோகத்துக்குப் போனான், ஊரில் வந்து இருக்கவில்லை. இப்போது யாராவது பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்து, "காலேஜ் அனுப்பலாமா?" என்று கேட்டால், அனுப்பு என்கிறேன். மண்டியில் அந்த பி.ஏ. சொன்ன மற்றதையும் சொல்ல வாய் வரும். அடக்கிக்கொள்வேன்.

அவன் பட்டணம் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். காதுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டபோது, "சரியாப்பூட்டுது நைனா" என்றான். அவன் அம்மா என்னோடு பேசி மூன்று வாரமாகியிருந்தது. திண்டிவனம் ஸ்டேஷனில் அவனை வண்டியில் ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். காதில் பஞ்சு இருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துத்தான் வந்தேன். பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. "வெள்ளிக்கெழம தலைக்குக் குளிச்சிட்டு சாமிய நெனச்சிக்க" என்றேன்.

அவன் முகத்தை வெடுக்கென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சரிதான், கோபப்பட அவனுக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துத் தலை குனிந்தேன். வண்டி ஊதியது. நிமிர்ந்து பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பியபடியே வலது காதை ஜன்னல் கம்பியோடு ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இந்தக் காதுல சொல்லு நைனா" என்றான். "என்னா சொன்ன?"