மடிப்புக்காரியின் பதில்

விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் அந்தச் சலவைக்கூடத்தின் ஒரு வாசலில் அழுக்காக நுழைந்து, மறு வாசலில் வெளுத்து வெளியேறும். கடைசி மேஜையில் நிற்பவளை எல்லோரும் மடிப்பு அக்கா என்பார்கள். பதினேழு வருஷமாக அதே இடம். சூடான உருளைகளுக்கிடையிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது இரண்டு பேர் பிடித்தாக வேண்டும். இந்த முனையில் அவள், அந்த முனையில் அவளுடைய நாத்தனார்.

"வீட்லயும் உங்க மூஞ்சி, இங்கயும் உங்க மூஞ்சி. எங்க அண்ணன் குடுத்து வச்சவரு, பகல்லயாச்சும் தப்பிச்சுடறாரு" என்பாள் நாத்தனார்.

"பேச்சைக் குறை. மூலை கோணுது பாரு."

மூலை கோணாது. அக்கா கையில் விரிப்பு நான்காக, எட்டாக ஒடுங்கி, கத்தி விளிம்போடு மேஜையில் உட்காரும். ஈரம் மிச்சமிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அவள் விரலுக்குத் தெரியும். அப்படியே அடுக்கினால் மூன்றாம் நாள் பூசணம் பூத்து, கட்டு மொத்தமும் திரும்பி வந்துவிடும். அவள் தொட்டு ஒதுக்கியதை மேலாளர்கூட மறுத்துப் பேசியதில்லை.

விடியற்காலையில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் பதினாறு வகுப்பறைகளைப் பெருக்கித் துடைத்துவிட்டுத்தான் சலவைக்கூடத்துக்கு வருவாள். துடைப்புத் துணியைப் பிழிந்து பிழிந்து வலது கட்டைவிரலின் அடியில் வீக்கம் கண்டது. டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். மடங்கியது, நிமிரவில்லை.

"ஒரு கைக்கு ரெண்டு வேலை ஆகாதும்மா. ஒண்ணை விட்டுடுங்க. விடலேன்னா வருஷம் திரும்பறதுக்குள்ள இந்த விரல் எதையும் பிடிக்காது."

எதை விடுவது என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை. சலவைக்கூடத்துக் கூலி கொஞ்சம் ஏறினால் பள்ளிக்கூடத்தை விட்டுவிடலாம். ஏறாவிட்டால் விட முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

அந்த வருஷம்தான் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. உயர்த்தினால் பாதிக் கூடங்களை இழுத்து மூட வேண்டியதுதான் என்று முதலாளிகள் சங்கம் அறிக்கை விட்டது. சாப்பாட்டு வேளையில் இதே பேச்சுதான்.

"கூலி ஏறட்டும், மறுநாளே மடிக்கிற மெஷினை வாங்கிப் போட்டுடுவாரு. அதுக்கு டீயும் வேண்டாம், லீவும் வேண்டாம்" என்றார் கொதிகலன் பார்க்கும் பெரியவர்.

"வாங்கட்டுமே. ஈரத்தைத் தொட்டுச் சொல்ற மெஷின் எந்தக் கடையில விக்குதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்மா."

"பதினேழு வருஷம் பொறுத்தாச்சு. பூமியை விடுங்க, எங்க அண்ணிக்கு உக்கார ஒரு ஸ்டூலு குடுத்தாங்களா?"

பெரியவரே சிரித்துவிட்டார்.

உயர்வு எல்லோருக்கும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும். பழகுநர்களுக்குப் பழைய கூலியே. மடிப்பது ஒரு தொழிலே இல்லை, அந்தப் பிரிவில் இருக்கும் பதினோரு பேரும் பழகுநர்கள்தான் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். நேரில் விசாரிக்க அரசாங்கக் குழு வரப்போகிறது என்றதும், தொழிலாளர் சங்கத்துக்காரர் பதினோரு பேர் சார்பிலும் பேச மடிப்பு அக்காவைத் தேர்ந்தெடுத்தார். அவளைவிட யார்?

முந்தின நாள் நாத்தனார் அவளைத் தயார்ப்படுத்தினாள். "'எனக்கு எல்லாம் தெரியும்'னு சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லுங்க அண்ணி."

"சீ, என்னமோ பீத்திக்கிற மாதிரி இருக்கு."

"பீத்திக்கத்தான் கூப்பிடறாங்க!"

முதலாளியின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதட்டுவார்கள் என்று நினைத்துத்தான் அக்கா உள்ளே போனாள். யாரும் அதட்டவில்லை. நாற்காலி போட்டார்கள். நரைத்த தலை அதிகாரி அவள் மடித்த விரிப்பு ஒன்றை எடுத்து, அதன் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா, கத்தி மாதிரி இருக்கே! எத்தனை வருஷம்மா?"

"பதினேழுங்க."

"அப்போ இந்த வேலையில உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லைன்னு சொல்லலாம்?"

அதட்டலுக்கு அவளிடம் பதில் இருந்தது. புகழ்ச்சிக்கு இல்லை. முகம் சூடேறித் தலை தானாகக் குனிந்தது.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. எனக்கென்ன தெரியும்? இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்கேன்."

முதலாளியின் வக்கீல் பேனாவைத் திறந்தார். "இதை அப்படியே பதிவு பண்ணிடலாமே சார்."

"அடக்கத்துக்குச் சொல்றாங்க சார்!" சங்கத்துக்காரர் பாதி எழுந்துவிட்டார்.

"புரியுது. ஆனா படிவத்துல தொழில் தெரிந்தவர், பழகுநர்னு ரெண்டே கட்டம்தான். அடக்கத்தை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார் அதிகாரி. கேலியாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். பிறகு எழுதினார். 'தொழிலைத் தாம் இன்னும் கற்று வருவதாகத் தெரிவித்தார்' என்று வாசித்துக் காட்டியபோது அந்த வாக்கியம் அவளுக்கு மரியாதையாகவே ஒலித்தது. கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டப்பட்டது. சலவைப் பிரிவுக்கு உயர்வு. கொதிகலனுக்கு உயர்வு. மடிப்புப் பிரிவு, பழகுநர் நிலை. மறு ஆய்வு மூன்று ஆண்டுகளுக்குப் பின். பெரியவர் அவளைக் கண்டதும் கொதிகலனின் அழுத்தமானி முள்ளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"வாயே திறக்காத அண்ணி, அன்னிக்குப் பார்த்துத் திறந்தீங்களே" என்றாள் நாத்தனார்.

"நல்லவிதமாப் பேசினாரு. என்ன சொல்றதுன்னு தெரியல."

"ஆமாம்னு சொல்றது. ரெண்டு உதடு ஒட்டினாப் போதும். எங்க பத்து பேரு சோறு அண்ணி அது."

அக்கா ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் மாறிப் போய், குழுவின் அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். குமாஸ்தா தாளைத் திருப்பிக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"அப்புறம் என்னம்மா?"

அடுத்த வாரமே நாத்தனார் மேலாளரைப் பிடித்து சலவைப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். கோபமில்லை என்றாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் இருவரும் பேசிக்கொண்டார்கள், தண்ணீர் வந்ததா, கதவைப் பூட்டியாச்சா என்று.

விரிப்பின் மறுமுனைக்கு ஒரு புதுப்பெண் வந்தாள். சுறுசுறுப்பு, வேலையும் சட்டென்று பிடிபட்டது. யார் எத்தனை வருஷம் என்றெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பேர் பெயருக்கு எதிரிலும் வருகைப் பதிவேட்டில் ஒரே சொல்தான் இருந்தது: பழகுநர்.

அன்று காலை பள்ளிக்கூடத்தில் பதினாறு அறைகளையும் துடைத்துவிட்டுத்தான் அக்கா வந்திருந்தாள். உருளையிலிருந்து வந்த மூன்றாவது விரிப்பின் மூலை அவள் கட்டைவிரலை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. இடது கையால் பொறுக்கினாள். அடுத்ததும் விழுந்தது.

புதுப்பெண் மேஜையைச் சுற்றி ஓடிவந்து எடுத்துக் கொடுத்தாள்.

"பரவாயில்லக்கா. எனக்கும் மொத நாள் இப்படித்தான் நழுவிக்கிட்டே இருந்துச்சு. போகப் போகப் பழகிடும்."