மாட்டுக் கொட்டகையில் ஒரு வாத்தியார்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலில் கோட்டைவிட்ட நாகநாதன், ஆறு மாதத்தில் மறுபடி எழுத வேண்டும். 1967 கோடையில், படிப்பதற்கென்று ஒரு பை நிறைய மனித எலும்புகளோடு சாக்கோட்டையில் வந்திறங்கினான்.

"எந்த மகராசனோ! வீட்டுக்குள்ள கொண்டாந்திராதடா. தொட்டாக் குளிச்சிட்டுத்தான் சோறு" என்று அம்மா பொன்னுத்தாயி மாட்டுக் கொட்டகையைக் காட்டினாள்.

பசுவுக்கு எதிரே உட்கார்ந்து உரக்கப் படித்தான். அது அசைபோட்டபடி கேட்டது. பரீட்சை வைத்த பேராசிரியருக்கு அத்தனை பொறுமை கிடையாது. நாளுக்கு மூன்று குளியல். உடம்பும் தேறியது, அவனும் தேறினான்.

எலும்புகளை அடுத்த மாணவனிடம் கொடுக்கக் கிளம்பியவனை அம்மா மறித்தாள். மண்டையோட்டை வாங்கி, நெற்றியில் திருநீறு பூசினாள்.

"நல்லாச் சொல்லிக் குடுத்தீக, ஐயா. அடுத்த பிள்ளையாச்சும் ஒரே தடவையில பாசாகட்டும்!"