ஷெட் வரைக்கும் வந்த மாமனார்

எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டி நான் போட்டிருந்த தகர ஷெட்டுக்கு என் மாமனார் முதன்முதலாகச் சண்டை போடத்தான் வந்தார். "எவனக் கேட்டு என் வண்டிய எடுத்தாந்தீங்க?" என்று கேட் பக்கம் நின்று அவர் போட்ட சத்தத்தில், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் லுங்கியைச் சரிசெய்தபடி வெளியே வந்துவிட்டார். ஒரு நாயும் வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

வண்டி அவருடையதுதான். பழைய அம்பாசிடர், வெள்ளை நிறம். பண்ருட்டிப் பக்கம் காலமெல்லாம் யார் யாருக்கோ டிரைவராக இருந்துவிட்டு, கடைசியில் சொந்தமாக வாங்கியது. முகூர்த்த நாட்களில் அதற்குப் பூச்சரம் கட்டி எத்தனையோ வீட்டுப் பெண்களை மண்டபத்துக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். தன் மகளையும் அப்படி ஒருநாள் இறக்குவோம் என்று இருந்தார். மகளோ இந்த நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த இடத்தில், திருநெல்வேலியிலிருந்து வந்து சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் பெர்மனென்ட் ஆன வெல்டர் ஒருவனைப் பார்த்தாள். அது நான். எங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. போனது ஆட்டோவில்.

விஷயம் தெரிந்ததும் அவர் ஊர்நடுவில் நின்று சொன்னாராம்: "இனிமே அவ வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டன். அந்த வூட்டுல ஒரு வாய்ச் சோறு திங்க மாட்டன்." காரையும் பலா மரத்தடியில் விட்டுவிட்டு அதோடு மறந்தார். 'தானே' புயலில் பெரிய கிளை ஒன்று முறிந்து அதன் தலையில் விழுந்தபோதுகூடப் போய் அதை இழுத்துப் போடவில்லை. மழையும் வெயிலும் தின்றது போக மிச்சம் இருந்ததைப் பழைய இரும்புக்காரர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது என் அத்தை, அதாவது மாமியார். கடைக்குப் போவதாக மாமனாரிடம் சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறை எங்களைப் பார்க்க பஸ் ஏறி வந்துவிடுவார். அப்போது என் மனைவி ஆறு மாதக் கர்ப்பம். காரை அறுத்துவிடப் போகிறார்கள் என்று கேட்டதும் அழுதாள். "இங்க கொண்டாந்து விடச் சொல்லும்மா. இவரு பாத்துப்பாரு" என்றாள். இவர் எதைப் பார்த்துக்கொள்வார் என்று இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமனார் ஏதோ துக்கத்துக்குப் போயிருந்த நாளில் என் மச்சான் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டுவிட்டு, அப்பா வருவதற்குள் ஓடிவிட்டான்.

மாமனார் சத்தம் போட்டுக்கொண்டு வந்த நேரம் நான் காருக்குள் மல்லாந்து படுத்து, நசுங்கிய கூரையை இரும்புச் சுத்தியலால் மேல்நோக்கி அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெல்டிங் தெரியும். நசுங்கிய தகரத்தை நிமிர்த்துகிற டிங்கரிங் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும் தகரத்தில் ஒரு புதுக் கொப்புளம் எழும்பியது. நாலு அடி வரைக்கும் அவர் பொறுத்தார். ஐந்தாவது அடிக்குள் கேட்டைத் தாண்டி ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"ஐயோ, கொல்றானே!" என்றார். என்னிடம் சொல்லவில்லை, காரிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் வரை அவர் போகவில்லை. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தரை முழுக்கத் துருவாகி உதிர்ந்து, கீழே மண் தெரிந்தது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என் கம்பி பிரஷ்ஷை எடுத்து மட்கார்டைத் தேய்க்க ஆரம்பித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார்.

அவர் கணக்கு எனக்கு மெல்லத்தான் புரிந்தது. ஷெட் வேறு, வீடு வேறு. வாசற்படி மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னார்? ஷெட்டுக்கு ஏது வாசற்படி! குடிக்கத் தண்ணீர், சாப்பிட டிபன் கேரியர், கை கழுவ சோப்பு, எல்லாம் மஞ்சள் பையில் அவரோடு வரும். வெக்கை தாங்காமல் நான் வீட்டிலிருந்து ஒயர் இழுத்து டேபிள் ஃபேன் வைத்தால், காற்று தன்மேல் படாத மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். ஆனால் வெல்டிங்குக்கு எங்கள் வீட்டுக் கரண்ட் போனதில் அவருக்கு ஆட்சேபணை இருந்ததில்லை. அது வண்டிக்கு.

என்னிடம் நேராகப் பேசவும் மாட்டார். மட்கார்டைப் பார்த்து, "இந்தத் தகரத்த வெட்டிட்டு வேற வச்சாதான் ஆவும்" என்பார். நானும் மட்கார்டிடமே, "வெட்டிடலாம் மாமா" என்பேன். அந்த மட்கார்டுக்கு வாய் இருந்தால் எங்கள் இருவரையும் காறித் துப்பியிருக்கும். இப்படியே தரைக்குப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தோம். கூரையை அவர் மரச்சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு வழிக்குக் கொண்டுவந்தார். பட்டி பூசினோம், எமெரி பேப்பர் போட்டுத் தேய்த்தோம், மறுபடி பூசினோம். பானெட்டுக்கு அடித்த முதல் கோட் ப்ரைமர் காய்வதற்குள் காற்று திரும்பி, அனல்மின் நிலையத்துச் சாம்பல் பொடிப்பொடியாக வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே குடியிருப்பவன் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஈரப் பெயின்ட்டைத் திறந்து போட்டது முட்டாள்தனம்தான். இரண்டு பேரும் அதையும் தேய்த்து எடுத்தோம்.

இதற்கெல்லாம் நடுவில் சமையலறை ஜன்னலில் என் மனைவி நின்றிருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைப்பாள். ஒரு தட்டு எடுத்துவைத்து மூடி, மத்தியானம் முழுக்க வாசற்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். வெளியே அவர் தன் கேரியரைப் பிரித்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார். மூடிய தட்டு ராத்திரி என்னிடம் வரும்.

"நைனா ஒரே ஒரு வாய் சாப்புட்டாப் போதும்ங்க" என்றாள் ஒருநாள். "அதுக்கப்புறம் பேசாட்டியும் பரவால்ல. இந்தக் கொழந்த பொறக்கறதுக்குள்ள ஒரு வாய்." ஒன்பதாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிற வழக்கத்துக்கு யார் வருவார் என்று என் அம்மா ஊரிலிருந்து ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் சிக்னல் சரியில்லை என்றேன். எனக்கு மாமனார்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இப்படியும் ஒரு மனுஷன் கல்லாக இருப்பானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு எமெரி தேய்ப்பேன்.

பெயின்ட் அடிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை, அவர் ஒரு கேன் நிறைய முந்திரிக்கொட்டை எண்ணெய் கொண்டுவந்தார். முந்திரி ஓட்டிலிருந்து எடுக்கும் கருத்த எண்ணெய் அது. பண்ருட்டிப் பக்கம் நிலைக்கதவுக்கும் உத்திரத்துக்கும் கறையான் வராமல் பூசுவார்கள். "கடலூர்ல படகுக்கே இதான் பூசறாங்க. கதவுக்குள்ள பூசிட்டா ஜென்மத்துக்கும் துரு புடிக்காது" என்று கதவிடம் சொன்னார். அம்பாசிடர் கதவு கீழ்ப்பக்கம் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். அந்தச் சந்துக்குள் பிரஷ் போகாது. கையில் துணி சுற்றித்தான் பூச வேண்டும்.

அந்த எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. முந்திரி உடைக்கிற பெண்கள் கையில் தேங்காய் எண்ணெயோ சாம்பலோ பூசாமல் கொட்டையைத் தொட மாட்டார்கள். அவரும் மஞ்சள் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். அன்று பார்த்து அத்தை தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வைக்க மறந்திருந்தார்.

ஜன்னலில் நின்றவள் புரிந்துகொண்டாள். எங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து படிமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. நான் என் வெல்டிங் கிளவுஸை நீட்டினேன். அதுவும் இந்த வீட்டுப் பொருள்தானே! "இதுலயே வளந்த கை இது. ஒண்ணும் பண்ணாது" என்று கதவிடம் சொல்லிவிட்டு வெறுங்கையில் துணியைச் சுற்றினார்.

"மாமா, வேணாம். கை வெந்துரும்" என்று கத்தினேன். நாலு கதவும் முடிந்த பிறகுதான் எழுந்தார். தான் கொண்டுவந்த சோப்பைப் போட்டுக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வீங்கி, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்தன. விரல் நுனிகளில் கொப்புளங்கள் தெரிந்தன. பையை முழங்கையில் மாட்டியிருந்தார். "இன்னைக்கு ப்ரைமர்னு சொன்னாங்களே" என்றார் காரிடம். காரிலிருந்து கழற்றித் தரையில் போட்டிருந்த பின்சீட்டில் உட்கார்ந்து, நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூடத் தோளால்தான் விரட்டினார்.

மத்தியானம் டிபன் கேரியரை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கொக்கியைத் திறக்க முடியவில்லை. நான் ஸ்ப்ரே கன்னை வைத்துவிட்டுப் போனேன்.

"பசிக்கல" என்றார்.

அப்போதுதான் அவள் படியிறங்கி வந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் தட்டு. பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு. இந்தத் தடவையும் அவர் முகத்தைத் திருப்பினால், இத்தனை நாள் தட்டி நிமிர்த்திய அந்தக் காரை நானே சுத்தியலால் அடித்து நொறுக்கியிருப்பேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவர் எதிரே, ஷெட்டில் கிடந்த மணையில் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து, உருட்டி, அவர் வாய்க்கு நேராகக் கையை நீட்டினாள்.

அவர் சோற்றைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். வீங்கியிருந்த அவள் பாதங்களைப் பார்த்தார். நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

வாயைத் திறந்தார்.

மென்றார். விழுங்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை உதவவில்லை. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் திரும்பிக்கொண்டு, ப்ரைமர் அடித்த இடத்திலேயே மறுபடி அடித்தேன்.

"உப்பு பத்தல" என்றார். மூன்று வருஷம் கழித்து மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"இருங்க நைனா, எடுத்தாறன்" என்று அவள் கையை ஊன்றி எழுந்து, மூச்சு வாங்கப் படிப் பக்கம் நடந்தாள்.

"ஏய் பாப்பா, நில்லு" என்று அதட்டினார். "வயித்துல புள்ளய வச்சிகினு இப்பிடிதான் ஏறி எறங்கிகினு இருப்பியா? விழுந்துகிழுந்து தொலைக்கப் போற. நவுரு, நான் வர்றன்."

செருப்பை உதறிவிட்டு, துணி சுற்றிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி அவளுக்குப் பின்னாலேயே படியேறினார். அவள் தடுக்கினால் தாங்குகிற தூரத்திலேயே போனார். வாசற்படியைத் தாண்டும்போது கீழே பார்க்கவே இல்லை.

கொஞ்சநேரம் ஷெட்டிலேயே நின்றேன். பிறகு மெதுவாகப் போய்ச் சமையலறை வாசலில் நின்றேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அடுத்த வாய் ஊட்டிக்கொண்டிருந்தாள். மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மாப்ள, நின்னுகினே இருக்கீங்க? வந்து ஒக்காருங்க" என்றார். "பாப்பா, அவருக்கும் ஒரு தட்டு வை."

என் வீட்டில் என்னைச் சாப்பிட உட்காரச் சொன்னார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.