உடவளவை குளத்தில் இரைச்சல் பிடித்த ரேடியோ

2008 ஆகஸ்டில் நான் உடவளவைக்குப் போனது எல்லோரையும் போல யானை பார்க்க அல்ல. பெல்மதுளையில் எனக்கு ரேடியோ திருத்தும் கடை. கஹவத்தைத் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த ஜோசப், உடவளவை குளத்தில் சுற்றுலாப் படகு ஓட்டினான். மோட்டார் ஓடினால் அவன் ரேடியோவில் வெறும் இரைச்சல்தான். முந்தின வாரம் காற்று வருகிறதென்று கரையிலிருந்து கூப்பிட்டது கேட்கவில்லை. தண்ணீரில் நிற்கும் பட்டமரங்களுக்கு நடுவே பயணிகளோடு மாட்டி, எப்படியோ தப்பியிருக்கிறான். கரை ரேடியோவில் அன்று கூப்பிட்டவள் அவன் மனைவி மேரி. இனி படகில் ஏறவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

காலை ஆறரைக்கு பஸ். எம்பிலிப்பிட்டியவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் வயரும் மின்சாரம் அளக்கும் மீற்றரும். இலங்கையில் போர் நடந்த அந்த நாட்களில் தமிழ்ப் பெயரோடு அவற்றைச் சுமப்பது லேசான காரியமில்லை. சிங்களத்தில் விளக்கினேன், விட்டார்கள். அதற்குப் பிறகு சீட்டில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. எம்பிலிப்பிட்டியவில் ரேடியோவில் இரைச்சல் கிளப்பாத, ரெசிஸ்டர் வைத்த ஸ்பார்க் பிளக் வாங்கிக்கொண்டு உடவளவை பஸ் பிடித்தேன்.

பிளக்கை மாற்றியதும் மோட்டார் வேகத்தோடு ஏறி இறங்கிய படபட இரைச்சல் போனது. மெல்லிய ஊளை மிஞ்சியது. ரேடியோவுக்கான மின்வயரை மோட்டார் வயர்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பிரித்து, இரண்டு இழைகளையும் முறுக்கி, நேராக பேட்டரிக்கே கொண்டுபோனேன். துறையில் எல்லாம் சரி. தண்ணீரில் சோதிக்க இருவரும் புறப்பட்டோம்.

நடுக்குளத்தில் மறுபடியும் இரைச்சல். தூரத்தில் காற்றுப் பட்டுத் தண்ணீரின் நிறம் கறுத்து வந்தது. விளக்கை அணைத்தேன், படகுத் தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்தினேன், பலனில்லை. அப்போதுதான் சீட்டுக்கடியில் ஜோசப்பின் போன் சார்ஜர் கண்ணில் பட்டது. ரேடியோவை நம்ப முடியாதென்று மேரிதான் வாங்கிக் கொடுத்தாளாம், புறப்பட்டதும் மாட்டியிருக்கிறான். பிடுங்கினேன், இரைச்சல் நின்றது.

"காத்து கெளம்பிருச்சுங்க. கேக்குதா? திரும்பி வாங்க." மேரியின் குரல். எத்தனை தடவை கூப்பிட்டாளோ.

"கேக்குது. வந்துக்கிட்டிருக்கோம்," என்றான் ஜோசப்.

கரை சேருமுன் அலை படகுக்குள் அடித்தது. பம்பு போதாமல் நான் தகர டப்பாவால் இறைத்துக்கொண்டே இருந்தேன். மேரி கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். என்னிடம் மட்டும், "அண்ணே, நாளைக்கும் இருந்து இன்னொரு தரம் பாத்துட்டுப் போங்க," என்றாள். இருந்தேன். மறுநாள் சார்ஜரைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவனைப் படகில் ஏறவிட்டாள்.

அங்கே படகில் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். ஆகஸ்டில் பிற்பகல் காற்று பொல்லாதது. ஏறுமுன் மோட்டாரை ஓடவிட்டுக் கரையைக் கூப்பிடச் சொல்லுங்கள். மோட்டாரை நிறுத்தினால்தான் கேட்கும் என்றால், இறங்கிவிடுங்கள்.