சுவரில்லாத தண்ணீர்

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்பு, தீயணைப்பு வீரர்களான எங்களுக்கு நீச்சல் சோதனை உண்டு. நான் சிதம்பரத்தில் டிரைவராக இருந்தபோது ஒருமுறை அது கடலூர் தேவனாம்பட்டினம் கழிமுகத்தில் நடந்தது. இக்கரையில் இறங்கி அக்கரை ஏற வேண்டும். ஏறாதவருக்கு வெள்ள மீட்புப் படகில் இடமில்லை. மழைக்காலம் முழுக்க ஸ்டேஷனில் போன் எடுக்க வேண்டியதுதான்.

எங்கள் நிலையத்து வீரர் முருகேசன் திட்டக்குடிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், கிணற்றில் நீந்தி வளர்ந்தவர். அழகாகப் பாய்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் இடப்பக்கம் வளைந்தார். மேலும் வளைந்து, புறப்பட்ட கரைக்கே வந்து சேர்ந்தார்.

"என்னய்யா, கோயில சுத்தி வர்றியா?" என்றார் நிலைய அலுவலர். கரையே சிரித்தது.

"கெணத்துல நாலு கை போட்டா செவுரு வந்துடும் சார். புடிச்சு மூச்சு வாங்கிக்குவோம். இங்க புடிக்க ஒண்ணுமில்ல. ஒடம்பு தானா திரும்பிடுது."

"அடுத்த வாரம் இன்னொரு சான்ஸ். அப்பவும் சுத்துனா போன்தான்."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண் தலைநிமிராமலே சொன்னார்: "செவுரு எதுக்கு? மல்லாந்து படுண்ணா. உப்புத்தண்ணி, தூக்கிக்கும்."

"முழுவிட்டா?"

"வெறச்சுக்கிட்டு கெடந்தா முழுவத்தான் செய்வ."

அந்த வாரம் டூட்டி முடிந்ததும் முருகேசன் கடலூருக்கு பஸ் ஏறினார். ஒருநாள் நானும் கூடப் போனேன். குளிக்க வந்த பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, இடுப்பளவு நீரில் மல்லாந்து பழகினார். கால் தாழ்ந்தது, மூக்கில் உப்பு ஏறியது. இருமிவிட்டு மறுபடி படுத்தார். அந்த வயதில் அத்தனை பேர் முன்னால் நான் படுத்திருக்க மாட்டேன்.

மறு சோதனையில் நான் பாதுகாப்புப் படகில் அலுவலருடன் இருந்தேன். நடு நீரில் முருகேசனின் கைகள் நின்றன. நான் வீசுவதற்காக மிதவை வளையத்தைத் தூக்கிவிட்டேன். அதற்குள் அவர் புரண்டு மல்லாந்தார்.

"என்னய்யா, தூங்கிட்டியா?"

"மூச்சு வாங்குறேன் சார். செத்த பொறுங்க."

பொறுத்தோம். பிறகு அவர் குப்புறப் புரண்டு, நேராக நீந்தி அக்கரை ஏறினார். அலுவலரே எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த மழைக்கு எங்கள் படகில் முதலில் ஏறியவர் முருகேசன். இன்று பயிற்சி தரும் நான் புதியவர்களைத் தண்ணீரில் இறக்கும்போது, நடுவில் களைத்தால் என்ன செய்வாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். மல்லாந்து காட்டிய பிறகே கை வீசச் சொல்கிறேன்.