கேம் பெட்டிக்கு வைத்த பொட்டு

என் அம்மாவின் தம்பிக்கு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிற வேலை. மனசெல்லாம் மூன்றாவது மாடி மூலையில் செத்துக் கிடந்த வீடியோ கேம் பெட்டியில். அம்மாக்கள் புடவை பார்த்து முடிக்கும்வரை பிள்ளைகளைக் கட்டிப்போட முதலாளி எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்டது. ஆள் உயரம் இருக்கும். நடுவில் டிவி, கீழே ஒரு குச்சியும் நான்கு பொத்தான்களும். நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோனதாம்.

"ஆயுத பூஜைக்குள்ள ஓடவுட்டுக் காட்றேன் மொதலாளி. ஓடிச்சுன்னா என்னைக் கடை எலக்ட்ரிக்கல் வேலைப் பக்கம் மாத்திவுடுங்க" என்று மாமா ஒருநாள் கேட்டேவிட்டார். முதலாளி திருநெல்வேலிக்காரர். "செஞ்சு காட்டுடே, பாப்போம்" என்றார்.

அடேயப்பா, அந்த ஒரு மாதம்! மாமா பத்தாவதோடு படிப்பை விட்டவர். யாரோ வெள்ளைக்காரன் இதே மாதிரிப் பெட்டியைப் பிரித்துப்போடும் வீடியோவை போனில் பார்த்து, அவன் பேசுவது ஒன்றும் புரியாமல் கையை மட்டும் கவனித்தே கற்றுக்கொண்டார். உள்ளேயிருந்த சர்க்யூட் போர்டின் சின்ன பேட்டரி கசிந்து, அதிலிருந்த செம்புக் கோடுகளைத் தின்றிருந்தது. போர்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அறுந்த ஒவ்வொரு கோட்டுக்கும் முடி கனத்தில் ஒரு கம்பி வைத்துப் பற்றவைத்தார். அப்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொள்வார். பார்த்துக்கொண்டிருக்கும் நானும் அடக்கிக்கொள்வேன். எனக்கு எட்டு வயது. பூஜைக்கு முதல் நாள் அதைக் கடையில் திரும்ப மாட்டியதும் திரையில் ஒரு குட்டி விமானம் பறந்தது. உலகத்திலேயே பெரிய ஆள் என் மாமாதான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

பூஜையன்று என்னையும் கடைக்கு அழைத்துப்போனார். கத்தரிக்கோல், கல்லாப்பெட்டி, லிஃப்ட் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கேம் பெட்டிக்கும் வெளியே ஒரு பொட்டு. ஆனால் வேலை செய்யப்போவது உள்ளேயிருக்கும் போர்டு அல்லவா? அதை விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஒரே ஆற்றாமை. பின்கதவு திறந்துதான் இருந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துப்போய், மாமா கம்பி வைத்த இடமாகப் பார்த்து ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன். பிறகு மாமா அவசரமாக வந்து கதவைச் சாத்திவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார்.

சுவிட்சைப் போட்டதும் திரை கோடு கோடாக இழுத்து அணைந்தது. மாமா கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"என்னடே ஆச்சு?" என்றார் முதலாளி.

மாமா கைக்குட்டையை எடுத்து என் விரல்களை அழுத்தித் துடைத்துக்கொண்டே, "நான்தான் மொதலாளி, ஒழுங்கா பத்தவெக்கல. என் தப்புதான்" என்றார்.

"அப்ப புடவையவே மடிடே."

இரண்டே நாளில் பல் துலக்கும் பிரஷ்ஷால் போர்டைக் கழுவித் துடைத்து விமானத்தை மறுபடி பறக்கவிட்டார் மாமா. அதற்குள் எலக்ட்ரிக்கல் பக்கம் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். ஈரச் சந்தனத்தில் மின்சாரம் பாயும் என்பதே எனக்கு பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

பூஜையன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "ஒழுங்கா பண்ணியிருக்கக் கூடாதா மாமா? எல்லார் எதிர்லயும் மானமே போச்சு" என்றேன்.

"ஆமா கண்ணு, கோட்டை வுட்டுட்டேன்" என்று சிரித்தார்.

பூஜையில் கொடுத்த பொரியைத் தின்பதற்காகத்தான் கையைத் துடைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு வாய்கூடத் தராமல் பொட்டலம் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.