அத்தான் வாங்கிய ஆம்ப்

என் அக்கா புருஷன் இருபத்திநான்கு வருடம் தகரம் வெட்டும் பிரஸ் மெஷினில் நின்றவர். கல்யாணத்துக்கு முன்பு கிட்டார் வாசித்தார். வேலை ஓயட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அதை உறையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். வேலை இந்த வருடம்தான் ஓய்ந்தது.

அக்கா வீட்டுச் சுவருக்கு மறுபக்கம் வேறு குடித்தனம். கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெரிய ஆம்ப் ஆகாது, ஹெட்போன் மாட்டி வாசிக்கிற டிஜிட்டல் ஆம்ப்தான் சரி என்று முடிவானது. பத்து விதமான ஆம்ப்களின் குரல் ஒரே பெட்டிக்குள் இருக்குமாம். ஒரு மாதம் அதைப் பற்றியே படித்தார். அக்கா எதைக் கேட்டாலும் பதில் வராது. "செவிடன் காதுல ஊதின சங்குதான்," என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கடைக்கு நான்தான் கூடப் போனேன். கடைக்காரர் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தார். அத்தான் முதல் பெட்டியில் கிட்டாரைச் செருகி, ஹெட்போன் மாட்டாமலே வாசித்தார். விரல்கள் எதையும் மறக்கவில்லை; எனக்கே பொறாமையாக இருந்தது. அவர் மட்டும் முகம் சுளித்தார்.

"சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே."

இரண்டாவது பெட்டியும் அப்படித்தான் என்றார். மூன்றாவதில் சத்தத்தைக் கூர்மையாக்கும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகி, தந்திகளை ஓங்கி மீட்டினார். பக்கத்தில் நின்ற பெண் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்குப் பல் கூசியது.

"இப்பவும் மந்தமாத்தான் இருக்கு. மூணுமே டூப்ளிகேட்டா?" என்றார்.

கடைக்காரர் குமிழை மெதுவாகக் குறைத்தார். "சார், நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

அத்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அத்தானுக்கே புரிந்துவிட்டது. பெட்டிகளில் குறை இல்லை, குறை அவர் காதில்.

அந்தக் கம்பெனியில் மெஷின் இரைச்சலுக்குக் காதை அடைக்க இயர் பிளக் இல்லாமல் இல்லை. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் கொடுப்பார்கள்; அவர் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்கள். அத்தானே இதை எத்தனையோ தடவை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அந்த முதலாளி நாசமாய்ப் போக. கூடவே சிரித்த என்னையும் எதால் அடிப்பது?

"இன்னொரு நாள் வரலாம் அத்தான்," என்றேன். அவர் காதில் விழவில்லை. தோளைத் தொட்டு மறுபடி சொன்னேன்.

"வேண்டாம். இதையே எடுத்துக்கறேன்," என்று இரண்டாவது பெட்டியைக் காட்டினார். மூன்றில் அதற்கு மட்டும்தான் சின்னத் திரை இருந்தது.

"ஏன் இது?"

வயரை அதில் செருகி, இருப்பதிலேயே மெல்லிய தந்தியைச் சுண்டினார். திரையில் பச்சைக் கோடுகள் எழும்பி அடங்கின.

"இதுலயாவது நான் வாசிக்கிறது கண்ணுக்குத் தெரியுது."